இடதுபக்கம் போன கார்

எங்கள் காலனியில் காரை நியூட்ரலில்தான் விட்டுவைக்க வேண்டும். டெல்லி மயூர் விஹாரில் இந்த அடுக்குமாடிகளைக் கட்டிய காலத்தில் வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் என்று நினைத்துத்தான் இடம் விட்டிருப்பார்கள் போல. இப்போது கார் இல்லாத வீடு இல்லை. சுவரோரமாக ஒரு வரிசை நிற்கும். அதை மறித்துக்கொண்டு இன்னொரு வரிசை நிற்கும். சுவரோரத்தில் விட்டவர் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும்போது, முன்னால் மறித்து நிற்கிற காரைக் கையால் தள்ளி நகர்த்திவிட்டுத் தன் காரை எடுத்துக்கொண்டு போவார். அதனால் மறித்து விடுகிறவர்கள் ஹேண்ட்பிரேக் போடக் கூடாது, கியரில் விடக் கூடாது, சக்கரத்தை நேராக வைக்க வேண்டும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை. புதிதாகக் குடிவந்தவர் தெரியாமல் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் அவர் வீட்டுக் காலிங்பெல் அடிக்கிற அடியில் தெரிந்துகொள்வார்.

என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தவரைக்கும் எங்களுக்கு ஸ்கூட்டர்தான். ரிட்டயர் ஆன பிறகு இந்தச் சின்ன வெள்ளைக் காரை வாங்கினார். காரை நிறுத்தியதும் ஸ்டியரிங் நடுவில் இருக்கிற கம்பெனி முத்திரை நிமிர்ந்து நிற்கிறதா என்று பார்ப்பார். முத்திரை நேராக நின்றால் முன் சக்கரங்களும் நேராக நிற்கின்றன என்று அர்த்தம். பிறகுதான் சாவியை உருவுவார். சாவியை எடுத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், யாராலும் திருப்ப முடியாது. பின்னாலிருந்து யார் தள்ளினாலும் கார் நேராகப் போய் நிற்கும். எங்கள் காரைத் தள்ளுவது சுலபம் என்று காலனியில் பெயர்.

நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படித்தவள். டெல்லிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்தி காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. தமிழிலேகூட நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. வீட்டிலும் அப்படித்தான். அவர் பேப்பர் படிப்பார், நான் என் வேலையைப் பார்ப்பேன். காரில் ஏறி உட்கார்ந்தால் மட்டும் எனக்குப் பேச வரும். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, அதனால்தானோ என்னவோ. என் கர்ப்பப்பை ஆபரேஷனைப் பற்றிப் பேசியது காரில். மகன் தனியாக வீடு பார்த்துப் போகட்டும் என்று முடிவு செய்தது காரில். காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பேச்சு முடியவில்லை என்றால், அவர் ஒன்றும் சொல்லாமல் காலனி வாசலைத் தாண்டிப் போய் இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வருவார்.

போன வருஷம் மழை முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவர் கையிலிருந்து டீ கிளாஸ் நழுவி விழுந்தது. இடது கை மரத்துப்போயிருந்தது. மூளைக்குப் போகிற சின்ன ரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாத்திரை கொடுத்தார்கள். ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். குளிர் வருவதற்குள் கை பழைய நிலைக்கு வந்துவிட்டது. கார் ஓட்டலாமா என்று கேட்டதற்கு டாக்டர் சரி என்றார், மெதுவாக ஓட்டுங்கள் என்று சேர்த்துச் சொன்னார்.

எங்களுக்கு ஒரே மகன். குர்கானில் இருக்கிறான், டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவன். தை மாதத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து எங்களோடு எங்கள் காரிலேயே கிளம்பினான். வீட்டுக்காரர் ஓட்டினார், மகன் முன்னால், நான் பின்னால். யமுனைப் பாலத்தில் ஏறியதும் கார் மெல்ல இடதுபக்கமாக நகர்ந்தது. சட்டென்று அல்ல, வேலியோரப் புல்லைப் பார்த்து ஆடு ஒதுங்கிப் போகிற மாதிரி. இடதுபக்கம் வந்துகொண்டிருந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. மகன் எட்டி ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டான்.

"அப்பா, லெஃப்ட்ல போறீங்க."

"நேராத்தானடா பிடிச்சிருக்கேன்."

"அவ்ளோ பெரிய பஸ் தெரியலையா?"

"பஸ் தெரியுது."

பாலம் முடிந்ததும் ஓரமாக நிறுத்தச் சொல்லி இடம் மாற்றிக்கொண்டான். போகும்போதும் வரும்போதும் அவனே ஓட்டினான். அவனே காரைச் சுவரோரக் கார்களுக்கு முன்னால் நிறுத்தினான். மாடிக்கு வந்ததும் அவர் மற்றொரு சாவியையும் அலமாரியிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"நீயே வச்சிக்கோ."

மகன் சமையல்கட்டுக்கு வந்து என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "பாரும்மா, அப்பாவுக்கு லெஃப்ட் கைதான் வீக். கார் லெஃப்ட்லதான் போச்சு. இன்னிக்கு நான் இருந்தேன். தினம் இருப்பேனா? கார வித்துடலாம். எங்க போகணும்னாலும் போன் பண்ணுங்க, டாக்சி அனுப்பறேன்."

அவன் சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் வெளியே போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பந்தை அமுக்குவார். அமுக்கிவிட்டுக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மகன் சொன்ன மாதிரி டாக்சி வந்தது. பின் சீட்டில் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். முன்பின் தெரியாத டிரைவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் எனக்கு வாயே திறக்கவில்லை. இனிமேல் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு சர்தார்ஜி இருக்கிறார். பேங்கில் வேலை. அவருடைய கார் சுவரோரம், எங்கள் கார் அதற்கு முன்னால். ஒரு நாள் காலையில் கீழேயிருந்து என்னைக் கூப்பிட்டு இந்தியில் சொன்னார்.

"ஆன்ட்டிஜி, அங்கிள்ஜிகிட்ட சொல்லுங்க, சக்கரத்த நேரா விடச் சொல்லுங்க. தினம் தள்ளுறேன், தினம் நான் புதுசா வச்ச பூந்தொட்டியில போய் முட்டுது. உங்க காருக்கு என் ரோஜாச்செடி மேல காதல் வந்துடுச்சு."

நான் "ஹாங்ஜி" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். காப்பி கலக்கும்போதுதான் தோன்றியது. அங்கிள்ஜி அந்தக் காரைத் தொட்டு எத்தனையோ நாளாகிறது. கடைசியாக நிறுத்தியவன் மகன்.

குப்பை கொண்டுபோகிற சாக்கில் இறங்கிப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஸ்டியரிங் முத்திரை நேராக நிமிர்ந்து நின்றது. மகன் அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன், சரியாகத்தான் விட்டிருக்கிறான். முன் சக்கரம் மட்டும் தொட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் சர்தார்ஜி வருகிற நேரத்துக்கு நான் கீழே போய்க் காருக்குப் பின்னால் நின்றேன். அவர் என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

"என்ன ஆன்ட்டிஜி, நீங்க தள்ளப் போறீங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. டிக்கி மேல் கையை வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து தள்ளினார். கார் கொஞ்ச தூரம் உருண்டது. பிறகு தானாக இடதுபக்கம் ஒதுங்கித் தொட்டியை நோக்கிப் போயிற்று. உள்ளே ஆளில்லை. ஸ்டியரிங் பூட்டியிருக்கிறது.

தரை சாய்வாக இருக்குமோ என்று ஒரு சந்தேகம். அதற்காகச் சில நாள் பால்கனியில் நின்று பார்த்தேன். அதே இடத்தில் மேல்மாடிக்காரருடைய சிவப்புக் காரைத் தள்ளினார்கள், நேராகப் போயிற்று. எதிர்வீட்டுப் பெரிய காரைத் தள்ளினார்கள், அதுவும் நேராகப் போயிற்று. எங்களுடையது மட்டும் இடதுபக்கம். அப்படியானால் பாலத்தில் போனதும் கையால் இல்லையோ என்று மனம் அடித்துக்கொண்டது.

அவரிடம் சொன்னேன். காரில் சொல்ல வழியில்லை, முகத்துக்கு நேரேதான் சொல்ல வேண்டியிருந்தது.

"இஞ்ச பாருங்க. நம்ம கார் ஆள் இல்லாமயே இடது பக்கம் போவுது."

அவர் பந்தை அமுக்குவதை நிறுத்தவில்லை. "தரை சாய்வா இருக்கும்."

"மத்த கார் எல்லாம் நேராத்தான் போவுது. நின்னு பாத்துட்டேன்."

"சவத்த விடு. கார் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஆவல."

"வந்து ஒரு தரம் பாருங்களேன்."

"பாத்து? பாத்துட்டு, அதுவும் இல்லன்னு ஆயிட்டுன்னா?"

அவர் பயப்படுகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. கார்தான் காரணமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறவரைக்கும் அந்த இடம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருக்கிறார். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

ஆனால் மறுநாள் காலையில் பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் நின்றார். சர்தார்ஜி வந்து தள்ளினார். கார் வழக்கம்போலத் தொட்டிக்குப் போயிற்று. மேலேயிருந்து இவர் இந்தியில், "இன்னொரு தரம்" என்றார்.

சர்தார்ஜி நிமிர்ந்து பார்த்தார். "அங்கிள்ஜி, எனக்கு ஆபீஸ் இருக்கு. சர்க்கஸ் இல்ல." சொல்லிக்கொண்டே காரைப் பின்னால் இழுத்து விட்டு மறுபடியும் தள்ளினார். மறுபடியும் தொட்டி.

இவர் வேட்டியோடு இறங்கிப் போனார். நானும் போனேன். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குந்தினார். டயரைத் தடவினார்.

"ஏளா, இங்க கை வையி."

வைத்தேன். டயரின் வெளிப்பக்கம் கோடுகள் ஆழமாக இருந்தன. உள்பக்கம் வழுவழுவென்று தேய்ந்து போயிருந்தது. உள்ளேயிருந்து வெளியே தடவினால் கை வழுக்கிக்கொண்டு போயிற்று. வெளியிலிருந்து உள்ளே தடவினால் தேங்காய்த் துருவியைத் தடவுகிற மாதிரி குத்தியது.

"அந்தக் குழி," என்றார்.

எனக்கும் உடனே ஞாபகம் வந்தது. போன மழையில், மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே ரோடெல்லாம் தண்ணீர். அடியில் பள்ளம் இருந்தது தெரியாமல் முன்சக்கரம் விழுந்து எழுந்தது. மாவு மில்லில் அரைத்து வாங்கி வந்த இட்லி மாவு என் மடியெல்லாம் கொட்டிப் புடவை பாழாயிற்று. மாவைப் பற்றித்தான் அன்றைக்குப் பேசினோம். காரைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னார். அதற்குள் கை மரத்துப்போய் ஆஸ்பத்திரி, மாத்திரை என்று ஆகிவிட்டது.

மாடிக்கு வந்ததும் என் செருப்பு இரண்டையும் தரையில் ஜோடியாக வைத்தார். இடது செருப்பின் நுனியை மட்டும் லேசாக வெளியே திருப்பினார்.

"கார் இப்படி நிக்கி. பாக்க நேராத்தான் தெரியும். முத்திரையும் நேராத்தான் நிக்கும். ஆனா ஒரு பாதம் வெளிய பாத்து நடக்குது. நாம வலது பக்கம் பிடிச்சிக்கிட்டே இருந்தாத்தான் நேரா போவும். கொஞ்சம் அசந்தா அதுபாட்டுக்குப் போயிரும்." பேசிக்கொண்டே வந்தவர் நின்று, "அப்படித்தான் இருக்கணும்னு இல்ல. கையும் இருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். சாயங்காலம் காரை வாங்குகிற ஆள் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். டிபன் வைத்துக்கொடுத்துவிட்டு நானே சொன்னேன். காரைத் தள்ளியது, மற்றக் கார்களைப் பார்த்தது, டயர் தேய்ந்தது எல்லாம். விற்பதற்கு முன்னால் சக்கரத்தைச் சரிபார்க்கிற இடத்தில் ஒரு தரம் காட்டலாம் என்றேன். அவன் தோசையைப் பிய்க்காமல் என்னையே பார்த்தான். நான் அவ்வளவு நேரம் பேசி அவன் கேட்டதில்லை.

"சரிம்மா. அலைன்மென்ட் பண்ணிட்டா ரேட்டும் நல்லா வரும்," என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அன்னிக்கு நான் ஓட்டிட்டு வரும்போதும் டேடாவாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் கோணலா. பழைய கார், அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்றான்.

அவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ ஓட்டினா பழைய கார். நான் ஓட்டினா பழைய கை."

"அப்பா, ப்ளீஸ்."

"சாப்பிடு, சாப்பிடு. தோச ஆறுது."

பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் டயர் கடை ஒன்று இருக்கிறது. மகன்தான் ஓட்டிக்கொண்டு போனான். கடைக்காரர் முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். காற்று சரியில்லாமல் மற்றதைப் பார்ப்பது வீண் வேலை என்றார். பிறகு காரை மேடை மேல் ஏற்றி, முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அடியில் போய் டார்ச் அடித்தார். ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கிற கம்பிக்கு டை ராடு என்று பெயர். இடதுபக்கத்து டை ராடு வளைந்திருக்கிறது, எங்கேயாவது குழியில் விட்டீர்களா என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் புடவையைப் பார்த்தேன்.

புதுக் கம்பியைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பலகையை மாட்டினார். காரைக் கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டினார். முத்திரை நேராக நிற்கும்படி ஸ்டியரிங்கைப் பிடித்து, அசையாமல் இருக்க சீட்டிலிருந்து ஒரு கம்பியை முட்டுக்கொடுத்தார். சுவரில் இருந்த டி.வி. மாதிரிப் பெட்டியில் காரின் படமும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு எண்ணும் வந்தன. பின்சக்கரங்கள் இரண்டும் பச்சை. முன்சக்கரங்கள் சிவப்பு. அவர் அடியில் இருந்தபடி ஸ்பேனரால் டை ராடைத் திருகத் திருக, சிவப்பு எண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மகன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும், இன்னும், போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பச்சை வந்ததும் நட்டை இறுக்கினார். டயர் தேய்ந்தது தேய்ந்ததுதான், அதை மிஷின் சரிசெய்யாது என்று சொல்லி, முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டார்.

இவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரை மேடையிலிருந்து இறக்கிவிட்டுக் கடைக்காரர் இந்தியில் கேட்டார். "வண்டிய யார் ஓட்டுறது? யார் ஓட்டுறாங்களோ அவங்களே ஒரு சுத்து போயிட்டு வாங்க. மத்தவங்க ஓட்டிப் பாத்து பிரயோஜனமில்ல."

மகன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. கடையில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அப்பா ஓட்டட்டும். நான் பக்கத்துல இருக்கேன்," என்றேன்.

மகன் சாவியை நீட்டினான். அவர் வாங்கிக்கொண்டார்.

மகன் பின்னால் ஏறினான். கடையைத் தாண்டி நேரான ரோடு, ஞாயிற்றுக்கிழமையானதால் கூட்டமில்லை. கொஞ்ச தூரம் போனதும் கார் வலதுபக்கம் நகர்ந்தது. நடுவில் இருக்கிற தடுப்பைப் பார்த்துப் போயிற்று.

"அப்பா, இப்ப ரைட்ல போகுது," என்றான் மகன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

"நான்தான் இழுக்கேன். இத்தன மாசமா வலது பக்கமே பிடிச்சிப் பிடிச்சி கைக்குப் பழகிட்டு."

பிடியைத் தளர்த்தினார். பிறகு இரண்டு கையும் ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருந்தன. கார் நேராகப் போயிற்று. அடுத்த சிக்னல் வரைக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் காருக்கும் இருந்த இடைவெளி மாறவில்லை. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து மகனும் எட்டி அதையேதான் பார்த்தான்.

"அச்சா," என்றான்.

சிக்னல் பச்சை விழுந்ததும் அவர் கியர் போட்டார். இடது கை கியரைத் தேடிப் பிடிக்க ஒரு நொடி கூடுதலாக எடுத்தது. பின்னால் இருந்த ஆட்டோ ஹாரன் அடித்தது. அடுத்த சிக்னலிலும் அதே மாதிரிதான். மகனுக்குத் தெரிந்ததோ என்னவோ, எனக்குத் தெரிந்தது.

பாலத்துக்குப் போகிற ரோட்டில் திரும்பியவர், பாலத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்தினார்.

"இங்கேருந்து நீ ஓட்டு," என்றார் மகனிடம்.

"ஏன்ப்பா? கார் நல்லாத்தானே போகுது."

"கார் நல்லாப் போவுது. கியர் போடும்போது எனக்குக் கைக்குக் கொஞ்சம் நேரம் ஆவுது. பாலத்துல பின்னால வாறவன் அதுக்கு நிக்க மாட்டான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லல. நான்தான் சொல்லுதேன். காருல இருந்தது காருக்கு. எங்கிட்ட இருக்கது எனக்கு. ரெண்டும் தனித்தனி."

இறங்கி இடம் மாறினார்கள். மகன் முன்னால் வந்து சீட்டைச் சரிசெய்தான். பாலத்தின் நடுவில் போகும்போது அவன் போன் அடித்தது. பேரைப் பார்த்துவிட்டு, எடுக்காமல் பின்னால் நீட்டினான்.

"அப்பா, கார வாங்கற பார்ட்டி. நீங்களே பேசுங்க."

"என்ன சொல்லணும்?"

"உங்க கார். உங்களுக்கு என்ன சொல்லணுமோ சொல்லுங்க."

அவர் போனை வாங்கி இந்தியில் பேசினார். வண்டி விற்பதாக இல்லை, சிரமத்துக்கு மன்னிக்கணும், வேறு வண்டி பாருங்கள் என்றார். அந்த ஆள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். "ஓட்டுறதுக்கு வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பாலத்தைத் தாண்டி, வளைந்து, அடுத்த பக்கமாகத் திரும்பி வந்தோம். எங்கள் கரைக்கு வந்ததும் மகன் தானாகவே ஓரமாக நிறுத்தி இறங்கி நின்றான். அவர் முன்னால் வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சாவி அதற்குப் பிறகு மகனிடம் போகவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் இப்போது மகன் வருகிறான், அல்லது டாக்சி. இருட்டின பிறகு காரை எடுப்பதில்லை. காய்கறிக்கும் கோயிலுக்கும் ரத்தம் டெஸ்ட் எடுக்கிற இடத்துக்கும் அவர் ஓட்டுகிறார். நான் இடதுபக்கம் உட்கார்ந்துகொள்கிறேன்.